கோத்தகிரிக்கே போகிறவர்களுக்கு

ஊட்டிக்குப் போகும் வழியில் தேநீர் குடிக்க இறங்கும் இடமாகத்தான் பலருக்குக் கோத்தகிரியைத் தெரியும். கார் பத்து நிமிடம் நிற்கும். வர்க்கி ஒரு பொட்டலம், தைலம் ஒரு குப்பி வாங்குவார்கள். "இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கடைக்காரரைக் கேட்பார்கள். அவரும் சலிக்காமல் "கோடநாடு காட்சிமுனை இருக்கிறது சார், பதினெட்டு கிலோமீட்டர்" என்பார். "அவ்வளவு தூரமா?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி ஊட்டியின் நெரிசலில் போய்ச் சேர்ந்துகொள்வார்கள்.

நானும் அப்படி இறங்கி ஏறியவன்தான். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கோத்தகிரியில் ஒரு இரவு தங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தங்கிய பிறகு ஊட்டிக்குப் போவது குறைந்துவிட்டது. ஆகவே இந்தக் கட்டுரை கோத்தகிரியை ஊட்டிப் பயணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு உதவாது. மூன்று நாள் ஒதுக்கி, ஒரே ஊரில் தங்கி, நடக்கவும் நாலு பேருடன் பேசவும் விருப்பம் உள்ளவர்களுக்கு இது உதவும். மலை ஊர்களுக்குப் புதியவர்கள் என்றால் இன்னும் நல்லது, மறக்க வேண்டிய பழக்கங்கள் குறைவாக இருக்கும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட நானூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. அதனால் இங்கே குளிர் கடிப்பதில்லை, தடவுகிறது. ஆனாலும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே போவதுண்டு. ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் புதைத்து வைக்காதீர்கள்.

மழைக் கணக்குதான் புதியவர்களை ஏமாற்றும். நீலகிரி என்றால் ஜூன், ஜூலையில் கொட்டும் என்ற எண்ணம் பொதுவாக உண்டு. அது மேற்குப் பக்கத்துக்கு, அதாவது கூடலூருக்கும் அவலாஞ்சிக்கும் பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்றைத் தொட்டபெட்டாத் தொடர் மறித்துவிடுவதால் அப்போது கோத்தகிரியில் சாரலும் இளவெயிலும் மாறி மாறி வரும். இந்தப் பக்கத்துக்குப் பெருமழையைக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை அதன் காலம். 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டமெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நவம்பரில் அறை வாடகை மலிவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் வேண்டாம். கோத்தகிரி நேரு பூங்காவில் நடக்கும் காய்கறிக் கண்காட்சிக்காக வருவதென்றால் வாருங்கள், கத்திரிக்காயில் செய்த யானையையும் மிளகாயில் செய்த மயிலையும் குழந்தைகள் விரும்புவார்கள். மற்றபடி அந்த மாதத்தில் மலையில் ஓடுவதைவிட நிற்கும் கார்களே அதிகம். என் ஓட்டு ஆகஸ்ட், செப்டம்பருக்கு. இரண்டாவது, ஜனவரி. பண்டிகை பார்க்க வேண்டும் என்றால் டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் பாதியும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இ-பாஸும் தண்ணீர்ப் பாட்டிலும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகியது. அடுத்த ஆண்டுச் சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வந்தது. வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் அரசின் இ-பாஸ் இணையதளத்தைத் திறந்து பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். சோதனைச் சாவடியில், பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்க, சிக்னல் இல்லாத கைபேசியில் ஆதார் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் மனைவியின் முகத்தையும் பார்த்தேன்.

அரசுப் பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. பஸ்ஸில் வரச் சொல்வதற்கு எனக்குள்ள முதல் காரணம் இதுதான்.

அடுத்தது பிளாஸ்டிக். கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில், குளிர்பானப் பாட்டில், கேரி பேக் எல்லாம் இந்த மாவட்டத்தில் தடை செய்யப்பட்டவை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர்ப் பாட்டில் எதுவும் கூடாது. சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள், அபராதமும் உண்டு. வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். சாலையோரங்களில் குடிநீர் நிரப்பிக்கொள்ள இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள், ஓட்டல்களிலும் கேட்டால் வெந்நீரே ஊற்றித் தருவார்கள். துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது தேவைப்படும். மது அருந்துபவர்களுக்கு ஒரு தகவல். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துப் பத்து ரூபாய் பெறும் திட்டம் மாநிலத்திலேயே முதலில் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். தேயிலைத் தோட்டத்தில் வீசிய பாட்டில் உடைந்து, இலை பறிக்கும் பெண்களின் காலையும் காட்டெருமையின் குளம்பையும் கிழித்ததால் வந்த திட்டம் அது.

மலை ஏறுவது

கோத்தகிரிக்கு ரயில் கிடையாது. நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போய்விடும். சென்னையிலிருந்து வருபவர்கள் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம். பஸ் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வழியில் வயிறு புரட்டும் சுபாவம் உள்ளவர்கள் பூரி, பொங்கல் பக்கம் போகாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, பஸ்ஸின் முன்பாதியில் ஜன்னலோரமாக உட்காருங்கள். கைபேசியைப் பார்க்காமல் சாலையைப் பாருங்கள். இதைவிட நல்ல மாத்திரை எனக்குத் தெரியாது.

சொந்த வண்டியில் வருவதென்றால் இரண்டு சங்கதிகள். ஒன்று, சீசன் நாட்களில் மலைச்சாலைகளை ஒருவழியாக மாற்றுவது போலீசாரின் வழக்கம். குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அப்போது கோத்தகிரிக்கு வருகிறவர்களும் குன்னூரைச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். இரண்டு, ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும். சமவெளியில் கற்ற "யார் முதலில் மூக்கை நுழைப்பது" என்ற வித்தை இங்கே செல்லாது. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பாதி வழியில் ரப்பர் கருகும் வாசனை வரும், அதன் பிறகு பிரேக் பிடிக்காது.

குஞ்சப்பனை பக்கம் வரும்போது வேகத்தைக் குறையுங்கள். அங்கே சாலையோரம் பலா மரங்கள் நிறைய. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பலா பழுக்கும்போது யானைகள் கீழ்க்காட்டிலிருந்து ஏறி வந்துவிடும். யானையைக் கண்டால் நிறுத்துங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள், ஹாரன் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம். உள்ளூர்ப் பஸ் ஓட்டுநர் என்ன செய்கிறாரோ அதையே செய்யுங்கள். பெரும்பாலும் அவர் எதுவும் செய்யமாட்டார், இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்.

தங்குமிடம்

"ஊருக்கு வெளியே, எஸ்டேட்டுக்கு நடுவில், யாருமே இல்லாத இடம்" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். அங்கிருந்து ஒரு தேநீர் குடிக்கவும் டாக்சி பிடிக்க வேண்டும். இருட்டியதும் அறையைவிட்டு வெளியே வர முடியாது, ஏனெனில் வாசலில் காட்டெருமை மேயும். முதல் முறை வருபவர்கள் காமராஜர் சதுக்கத்திலிருந்தோ டானிங்டனிலிருந்தோ நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். விடுதி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் முதல் கேள்விக்கும் பொய் சொல்லமாட்டார் என்பது என் அனுபவம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. விடுதிக்காரரே நல்லெண்ணத்தில் தணல் சட்டி கொண்டுவந்து வைத்தாலும் படுக்கும் முன் வெளியே வைத்துவிடுங்கள். இன்னொரு கம்பளி கேட்டால் போதும்.

முதல் நாள்: நடந்தே கன்னேரிமுக்கு

வந்து இறங்கிய நாளில் வண்டி எடுக்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, கன்னேரிமுக்குக்கு நடந்து போங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். இருபுறமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், சரிவில் கேரட்டும் முட்டைக்கோஸும். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் வழி கேளுங்கள், தெரிந்திருந்தாலும் கேளுங்கள். பேச்சு அப்படித்தான் தொடங்கும்.

கன்னேரிமுக்கில் சிவப்புச் சாயம் பூசிய பழைய பங்களா ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819 இல் இந்த மலைக்கு வந்து, அருகிலுள்ள திம்பட்டிப் பகுதியில் தங்கி, பின்பு கட்டிக்கொண்ட வீடு. ஊட்டி என்ற ஊர் பிறப்பதற்கு முன் மலை மீது எழுந்த முதல் ஐரோப்பிய வீடு இது. சிதிலமாகிக் கிடந்ததை மீட்டு இப்போது சிறிய அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பழைய புகைப்படங்களும் வரைபடங்களும் பழங்குடிகளின் பொருள்களும் உள்ளே இருக்கின்றன. அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

பார்த்துவிட்டு வெளியே வந்து ஒன்றை யோசியுங்கள். "நீலகிரியைக் கண்டுபிடித்தவர் சல்லிவன்" என்று நம் பாடப்புத்தகத் தமிழ் சொல்லிப் பழகியிருக்கிறது. அவர் வந்தபோது இங்கே தோதவரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படுகரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வழி காட்டாமல் அவர் ஏறியிருக்க முடியாது. ஊர்ப் பெயர்களே சாட்சி. திம்பட்டி, உயிலட்டி என்று எத்தனை 'அட்டி'கள்! ஹட்டி என்றால் படுகர் பேச்சில் ஊர். கோத்தகிரிகூடக் கோத்தர் கேரி, அதாவது கோத்தர் தெரு என்பதிலிருந்து வந்தது என்பார்கள்.

இரண்டாம் நாள்: காடு

காட்டுக்குள் போவதற்கு ஒரே விதிதான். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. "எனக்குத் தெரிந்த பையன் குறுக்கு வழியில் கூட்டிப்போவான்" என்று யாராவது சொன்னால் கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு என்று தமிழக அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கி, மாநிலம் முழுவதும் 40 தடங்களை இணையத்தில் பதிவு செய்துகொள்ள வைத்தார்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்தக் காட்டுப் பழங்குடி இளைஞர்கள். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தடங்களை மூடிவிடுவார்கள். மாதத்தை முடிவு செய்யும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியைச் சுற்றி அந்தத் திட்டத்தில் உள்ள தடங்களில் புதியவர்களுக்கு ஏற்றது லாங்வுட் சோலை. ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான், 116 ஹெக்டேர் பரப்பு. தேயிலைக் கடலுக்கு நடுவே தப்பிப் பிழைத்த ஒரு துண்டு ஆதிக்காடு என்று சொல்லலாம். சோலை என்றதும் பூங்கா என்று நினைக்க வேண்டாம். இந்த மலையில் சோலை என்பது பள்ளத்தாக்கு மடிப்புகளில் வளரும் குட்டை மரக்காடு. மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, பெரணியின் மேல் ஆர்க்கிட் என்று அடுக்கடுக்காக இருக்கும். கீழே இலைச்சருகு ஓர் அடி ஆழத்துக்கு மெத்தைபோல் கிடக்கும். மழை நீரை அந்த மெத்தைதான் குடித்து வைத்துக்கொண்டு, கோடை முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. சுற்றியுள்ள பல கிராமங்களுக்குக் குடிநீர் இந்த ஒரு சோலையிலிருந்து போகிறது. அதனால்தான் உள்ளூர் மக்களே குழு அமைத்து இதைக் காவல் காத்து வந்திருக்கிறார்கள். உள்ளே பேசாமல் நடங்கள். சிரிப்புச் சத்தம்போல் ஒன்று கேட்டால் அது நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை, உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மழை நாளில் அட்டை ஏறும். உப்பை ஒரு சிறு துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய அட்டையைப் பிடுங்கி இழுக்காமல் உப்பு முடிச்சால் தொட்டால் தானே விழும்.

மலையேறிப் பழகியவர்களுக்குக் கீழ்கோத்தகிரி பக்கம் கரிக்கையூரிலிருந்து இரண்டு தடங்கள் இருக்கின்றன. ஒன்று பொறிவரைக்கு. அங்கே பாறை முகத்தில் பழங்கால மனிதர்கள் தீட்டிய ஓவியங்களைப் பார்க்கலாம். மற்றொன்று ரங்கசாமி மலைக்கு, அது செங்குத்தான ஏற்றம். அந்த மலை இருளருக்குத் தெய்வம் உறையும் இடம். உச்சியில் நின்று கையை விரித்துப் படம் எடுப்பதற்கு முன், கூட வந்த வழிகாட்டி செருப்பை எங்கே கழற்றி வைத்தார் என்று பாருங்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குள் தனியாக நடக்க ஆசை வரும். காலை ஒன்பது மணிக்கு மேல், மாலை நாலரைக்குள், இலை பறிப்பவர்கள் இருக்கும் பக்கமாக மட்டும் போங்கள். விடியலிலும் அந்தியிலும் அந்தப் பாதைகள் காட்டெருமைக்கும் கரடிக்கும் உரியவை. காட்டெருமை பசுவைப்போல் சாதுவாக நின்று உங்களைப் பார்க்கும். நம்பாதீர்கள், ஒரு டன் எடை. அது பாதையில் நின்றால் நீங்கள் வந்த வழியே திரும்புங்கள். கரடி இரவில் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் எண்ணெய் தேடி வருகிறது. விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடியைப் பற்றி இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். கேளுங்கள், நேரம் போவதே தெரியாது.

மனிதர்கள்

வெளியூர்க்காரர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் அரசு 'மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்' என்று வகைப்படுத்தியவர்கள் ஆறு இனத்தார்: தோதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். படுகர் இந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் மலையில் எண்ணிக்கையால் பெரிய சமூகம் அவர்களுடையது. ஹட்டிகளும் சிறு தேயிலைத் தோட்டங்களும் பெரும்பாலும் அவர்களுடையவை.

பழைய காலத்தில் இவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. தோதவர் நெய்யும் பாலும் கொடுப்பார்கள். படுகர் தானியம் கொடுப்பார்கள். கோத்தர் மண்பாண்டமும் இரும்புக் கருவியும் செய்து கொடுப்பதோடு மற்றவர் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் வந்து இசைப்பார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேனும் மூங்கிலும் கொண்டுவருவார்கள், மந்திரக் காப்பும் அவர்கள் பொறுப்பு. காசு புழங்காத ஒரு சந்தை, குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 1930களையொட்டி அது குலைந்துவிட்டது. ஆனால் ஒரு குடிக்கு மற்றொரு குடி வேண்டும் என்ற அந்த நினைப்பின் மிச்சம் பெரியவர்கள் பேச்சில் இன்னும் கேட்கும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், "பழங்குடிகளைப் பார்க்க வேண்டும், எங்கே கூட்டிப்போவீர்கள்?" என்று டாக்சி ஓட்டுநரிடம் கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை வாயிலேயே மென்று விழுங்கிவிடுங்கள். அவர்கள் காட்சிப்பொருள் அல்லர். உங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் செவிலியர் கோத்தராக இருக்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் படம் பார்த்துக்கொண்டு வரும் இளைஞர் இருளராக இருக்கலாம்.

சரி, எப்படித்தான் பழகுவது? மூன்று வழிகள் எனக்குத் தெரியும்.

ஒன்று, பண்டிகை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கும். கோத்தகிரிக்கு அருகிலுள்ள பேரகணி அதன் முக்கிய இடம். ஹெத்தை என்றால் பாட்டி. எல்லாருக்கும் மூதாட்டியான தெய்வம். ஆண்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைப் போர்வை, தலைப்பாகையுடன், பெண்கள் வெள்ளைத் துணி உடுத்தித் தலையில் வெள்ளை முண்டு கட்டி, கிராமம் கிராமமாக நடந்தே வருவார்கள். மைதானம் முழுக்க வெண்மையாக இருக்கும். வட்டமாக நின்று ஆடும்போது சிறுவர் முதல் கிழவர் வரை ஒரே அடியில் கால் வைப்பார்கள். போவதென்றால் வெளிர்நிற உடையில் போங்கள், செருப்பை எல்லோரும் கழற்றும் இடத்தில் கழற்றுங்கள், ஓரமாக நில்லுங்கள். ஆட்டத்துக்குள் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் மறுக்காதீர்கள். தானாக நுழையாதீர்கள். கோத்தர்களும் அதே குளிர்காலத்தில் தங்கள் அய்யனோர் அம்மனோர் விழாவைக் கொண்டாடுவார்கள். அங்கே கோயில் எல்லைக்குள் யார் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. தோதவர் பால்கோயில்களுக்கும் அப்படியே. கேட்டுவிட்டு நிற்கச் சொன்ன இடத்தில் நின்றால் மதிப்பார்கள்.

இரண்டு, கைத்தொழில். தோதவப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூ வேலைக்கு 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியின் இரு பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், எது முன், எது பின் என்று குழம்பினால் அது அசல். கீழ்கோத்தகிரி பக்கத்து வெள்ளரிக்கொம்பைக் குறும்பர்கள் வேங்கை மரப் பிசினும் இலைச்சாறும் கொண்டு தீட்டும் ஓவியங்களில் தேன் எடுக்கும் காட்சி அடிக்கடி வரும். செங்குத்துப் பாறையில் காட்டுக்கொடி ஏணி கட்டி இறங்கி மலைத்தேனீயின் அடையை அறுப்பது அவர்கள் தொழில். கோத்தகிரியிலேயே கீஸ்டோன் பவுண்டேஷன் என்ற அமைப்பு 1990களிலிருந்து தேன் எடுப்பவர்களோடு வேலை செய்து வருகிறது. அவர்களுடைய கடையில் காட்டுத்தேன், தேன்மெழுகுச் சோப்பு, மிளகு, சிறுதானியம் எல்லாம் கிடைக்கும். ஒவ்வொரு பூவின் தேனுக்கும் ஒரு சுவை, கசக்கும் தேனும் இருக்கிறது. கேட்டால் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். அறைக்குத் திரும்பியதும் வானொலியில் 90.4 வைத்துப் பாருங்கள். 'ரேடியோ கோத்தகிரி' என்ற சமூக வானொலி. இங்குள்ள மக்களின் சொந்த மொழிகளை அதில் கேட்கலாம்.

மூன்று, தேயிலை. எந்தத் தேநீர்க் கடையிலும் "பச்சைத் தேயிலை கிலோ இப்போது என்ன விலை போகிறது?" என்று ஒரு கேள்வி போடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியதில்லை. கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023 இல் சிறு விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்த ஊர் இது. பச்சைப் போர்வை என்று நாம் படம் எடுக்கும் சரிவு அவர்களுக்குக் கடன் கணக்கு. அந்தப் பேச்சின் நடுவில் "வீட்டுக்கு வாருங்கள்" என்று ஒருவர் அழைக்கக்கூடும். எனக்கு அப்படித்தான் ஒரு ஹட்டியில் ராகிக் களியும் அவரைப் பருப்புக் குழம்பும் கிடைத்தன. களியை அவர்கள் 'ஹிட்டு' என்பார்கள். மென்று சாப்பிடப் போய்ச் சிரிப்புக்கு ஆளானேன், அதை விழுங்க வேண்டும். போகும்போது பழமோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு போங்கள். பெரியவர்களை ஐயா, அம்மா என்றே அழையுங்கள். குழந்தைகளுக்குச் சாலையில் மிட்டாய் கொடுத்துப் படம் எடுக்கும் பழக்கம் வேண்டாம், அவர்களைப் பெற்றவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: கோடநாடு, கேத்தரின்

கோடநாட்டுக்குக் கோத்தகிரியிலிருந்து அரசுப் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. காலையில் முதலில் கிடைப்பதில் ஏறி, இறங்கும்போதே திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காட்சிமுனையில் நீலகிரியின் கிழக்குச் சுவர் சட்டென்று முடிந்துவிடும். கீழே மாயாறு வெள்ளிக் கம்பிபோல் வளைந்து கிடக்கும். அதன் கரையில் காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடா கிராமத்தின் வயல்கள் தெரியும், தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பு. எதிரே ரங்கசாமித் தூண் என்ற பாறை ஒற்றையாக நிற்கும். பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிட்டால் வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால்தான் முதல் பஸ்.

கேத்தரின் அருவி மேட்டுப்பாளையம் சாலையில் அரவேனுவிலிருந்து பிரியும் பாதையில் இருக்கிறது. 250 அடி உயரம். இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் காக்பர்ன் என்ற ஆங்கிலேயரின் மனைவி பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். 'கெத்தெஹாட ஹள்ளா' என்ற அதன் சொந்தப் பெயரை உள்ளூர்ப் பெரியவர்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள பாறைகள் வழுக்கும். தண்ணீரில் இறங்க வேண்டாம். முழு அருவியும் தெரிய வேண்டுமானால் குன்னூர் பக்கம் டால்பின் மூக்கிலிருந்துதான் பார்க்க வேண்டும். அது இன்னொரு பயணம்.

வாங்கவும் இறங்கவும்

வர்க்கி வாங்குங்கள். அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும் இந்தப் பண்டத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. பெரிய பலகை வைத்த கடையைவிட, பின்பக்கத்தில் விறகு அடுப்புப் புகையும் பேக்கரியில் வாங்குங்கள். காலையில் போட்டதா என்று கேளுங்கள். தேநீரில் முக்கிச் சாப்பிட வேண்டியது, வெறுமனே கடித்தால் சட்டையெல்லாம் தூள். தேயிலைத்தூளைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக் கடையில் வாங்கலாம். தைலத்துக்கு நான் உத்தரவாதம் இல்லை.

திரும்பும் நாளில் மேட்டுப்பாளையத்தில் இரவு ஒன்பது மணியை ஒட்டிப் புறப்படும் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் கோத்தகிரியில் நாலரை மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். கணக்குப்படி ஆறரைக்கு ஏறினாலும் போதும்தான். ஒரு ஜூலை மாதம் நான் அந்தக் கணக்கை நம்பி ஆறரை பஸ்ஸில் ஏறினேன். குஞ்சப்பனையில் மூன்று யானைகளும் ஒரு குட்டியும் சாலை நடுவில் பலாப்பழத்தைப் பிளந்துகொண்டிருந்தன. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார், நடத்துநர் விளக்கை அணைத்தார். பின் இருக்கையில் ஒரு பாட்டி துணிமுடிச்சை அவிழ்த்து, அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வர்க்கி கொடுத்தார். குட்டி தின்று முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ரயில் போய்விட்டது, மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்து பெஞ்சில்தான் அந்த இரவு கழிந்தது.